ஓரூரின் குறை, இன்னோரூரின் குணம்

திங்கள், பில்சென்

செக் நாட்டு ஊரான பில்சென்னில், பில்ஸ்னர் உர்குவெல் பீர் ஆலைக்கு அடியில் 9 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்க அறைகள் ஓடுகின்றன. குளிரூட்டும் எந்திரம் இல்லாத காலத்தில் பீர் உறங்கிப் பக்குவப்படுவதற்காக வெட்டியவை. சுற்றிக் காட்டுபவர் கடைசியாக நம்மை நிறுத்துவது ஓக் பீப்பாய்களின் வரிசைக்கு முன்னால். அங்கே ஓர் ஊழியர் பீப்பாயின் குழாயைத் திருகி, வடிகட்டாத, பாஸ்ச்சரைஸ் செய்யாத பீரை நேரே கிளாஸில் பிடித்துத் தருகிறார்.

பாட்டிலில் பலமுறை குடித்த பீர்தான். பீப்பாயில் இருந்து வரும்போது அதற்கு உடம்பு கூடிவிடுகிறது. லேசாகக் கலங்கிய பொன்னிறம். மூக்கில் முதலில் ரொட்டியின் மேலோடு, அப்புறம் ஈரப்புல்லும் கொஞ்சம் மிளகும் கலந்தாற்போன்ற ஹாப்ஸ் வாசனை (ஹாப்ஸ் என்பது பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஒரு கொடியின் பூ). நாவில் மால்ட்டின், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியின், இனிப்பு வந்து நிற்கிறது. அது முழுதாக இறங்குவதற்குள் கசப்பு எழுகிறது. வலுவான கசப்பு, ஆனால் எங்கும் கீறவில்லை. இந்த ஊர்த் தண்ணீரில் உப்புகள் மிகக் குறைவு என்பதால் ஹாப்ஸின் கசப்பு கூர்மையேறாமல் வட்டமாகவே நிற்கிறது.

1838-இல் இந்த ஊர்க்காரர்கள் கெட்டுப்போன பீர் 36 பீப்பாயை நகர மன்றக் கட்டடத்தின் முன்னாலேயே கொட்டினார்கள். அந்தக் கோபத்தில் பிறந்தது இந்த ஆலை. பீர் காய்ச்சும் உரிமை பெற்ற குடிமக்கள் ஒன்றுசேர்ந்து புது ஆலை கட்டி, பவேரியாவிலிருந்து யோசெஃப் க்ரோல் என்பவரை வரவழைத்தார்கள். 1842 அக்டோபர் 5 அன்று அவர் முதல் காய்ச்சலை நடத்தினார். குளிரில் மெதுவாக வேலை செய்யும் பவேரிய ஈஸ்ட், மொராவியாவின் பார்லி, ஜாதெட்ஸ் வட்டாரத்து ஹாப்ஸ், இங்கிலாந்து முறையில் நிறமேறாமல் காயவைத்த வெளிர் மால்ட், இந்த மென்னீர், எல்லாம் ஓர் அண்டாவில் கூடின. அதுவரை மக்கள் குடித்த பீர் பெரும்பாலும் பழுப்பு, இல்லாவிட்டால் கலங்கல். இது தெளிந்த பொன்னாக வந்தது. இன்று பீர் என்றதும் உலகம் முழுக்க எல்லார் கண்ணிலும் வருகிற நிறம் இதுதான்.

காய்ச்சும் முறையிலும் இவர்கள் இறங்கிவரவில்லை. ஊறிய மால்ட் கலவையில் ஒரு பங்கைத் தனியே எடுத்துக் கொதிக்கவைத்து மறுபடி பெரிய அண்டாவில் சேர்க்கிறார்கள். இப்படி மூன்று முறை. நேரத்தையும் எரிபொருளையும் தின்கிற வேலை என்பதால் பெரும்பாலான ஆலைகள் இதைக் கைவிட்டுவிட்டன. ஆல்கஹால் 4.4 சதவீதம்தான் இருக்கிற ஒரு பீருக்கு இத்தனை சதைப்பற்று எங்கிருந்து வருகிறது என்றால், அந்தக் கொதியில் இருந்துதான்.

இரண்டாவது மிடறில் தொண்டையோரம் மெல்ல ஒரு வெண்ணெய்ச் சாயல் தெரிந்தது. ஈஸ்ட் உண்டாக்கும் டைஅசிட்டைல். பீர் சுவைப்பவர்களின் பட்டியலில் இது குற்றம். வேறொரு லாகரில் (குளிரில் மெதுவாக நொதிக்கவைத்துப் பக்குவப்படுத்தும் பீர்) இதைக் கண்டால், நொதித்து முடிக்க விடாமல் அவசரப்பட்டுவிட்டார்கள் என்று எழுதிக் கழித்துவிடுவோம். இங்கே அது மிகச் சிறிய அளவில் இருக்கிறது, இருக்கட்டும் என்றே விட்டிருக்கிறார்கள். அதை எடுத்துவிட்டால் மால்ட்டின் மென்மையில் பாதி போய்விடும்.

இந்தப் பயணம் முழுக்க இதையேதான் துரத்தப் போகிறேன்: ஒரு குறை எந்த ஊரில், எந்தக் கைகளில் குணமாகிறது? நிறம், மணம், சுவை, வாயில் அதன் கனம் எல்லாவற்றையும் பார்ப்பேன். ஆனால் மதிப்பெண் போடும்போது, அந்த பீர் எதுவாக வர வேண்டும் என்று காய்ச்சினார்களோ அதுவாக வந்திருக்கிறதா என்பதற்கே அதிக எடை.

மாலையில் ஊருக்குள் ஒரு மதுக்கூடத்தில் உட்கார்ந்தோம். கிளாஸைக் குளிர்ந்த நீரில் அலசுகிறார்கள். முதலில் நுரையை நிரப்பி, குழாயின் முனையை அந்த நுரைக்குள் அமிழ்த்தி அடியில் பீரைப் பாய்ச்சுகிறார்கள். மேலே மூன்று விரல் நுரை நிற்கிறது. நுரை இங்கே அலங்காரத்துக்கு இல்லை. ஈரமாக, பாலாடையின் கனத்தில், லேசான இனிப்போடு இருக்கிறது. காற்று பீரைத் தொடாமலும் காக்கிறது. கிளாஸ் முழுக்க நுரையாகவே ஊற்றித் தருகிற 'ம்லீகோ' என்ற வகையும் உண்டு. அதை வைத்துக்கொண்டு பேசக்கூடாது, உடனே குடித்துவிட வேண்டும்.

பீப்பாய் பீருக்கு 5-க்கு 5. மதுக்கூடத்தில் குடித்ததற்கு 4.5.

செவ்வாய், பாம்பெர்க்

ரயில் மாறி மாறி ஜெர்மனியின் பாம்பெர்க்குக்கு வந்து சேரப் பிற்பகல் ஆகிவிட்டது. பெட்டியை விடுதியில் போட்டுவிட்டு நேரே ஷ்லென்கெர்லா என்ற ஆலையின் மதுக்கூடத்துக்கு நடந்தோம். பழைய நகரத்தின் நடுவில், கறுத்த உத்தரங்களுக்குக் கீழே நீண்ட மேசைகள். இந்தக் கட்டடம் பற்றிய குறிப்பு 1405-இலேயே இருக்கிறது. மரப்பீப்பாயை உயரத்தில் வைத்திருக்கிறார்கள். வாயு அழுத்தம் கிடையாது, பீர் தன் எடையிலேயே கிளாஸில் இறங்குகிறது.

கருஞ்சிவப்பு நிறம், வெளிர்பழுப்பு நுரை. கூட வந்திருக்கும் நண்பன் முதல் மிடறு குடித்ததும் கிளாஸைக் கீழே வைத்தான். "மச்சான், வாட்டுன கறி வாசனை அடிக்குதுடா. இது பீரா?"

பீர்தான். பீச் (beech) மரக்கட்டைகளை எரித்து அந்தப் புகையிலேயே பார்லி மால்ட்டைக் காயவைக்கிறார்கள். முளைவிட்ட பார்லியை எப்படியாவது காயவைத்தாக வேண்டும். பழைய காலத்தில் அதற்கு வெயிலும் நெருப்பும்தான் வழி. நெருப்பில் காயவைத்த ஊர்களின் பீரில் எல்லாம் கூடவோ குறையவோ புகை இருந்தே தீரும். 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் கோக் கரியில் காயவைக்கத் தொடங்கினார்கள். பின்னால், நெருப்பின் புகை தானியத்தைத் தொடாமல் வெறும் சூடான காற்று மட்டும் போகிற உலைகள் வந்தன. ஊர் ஊராகப் புகை வெளியேறியது. பாம்பெர்க்கில் ஷ்லென்கெர்லாவும் ஸ்பெட்ஸியாலும் அதை விடவில்லை. இரண்டு ஆலைகளும் இன்றுவரை தங்கள் மால்ட்டைத் தாங்களே புகையில் காயவைத்துக்கொள்கின்றன. ஆக, இவர்கள் பீரில் புகையைக் கொண்டுவந்து சேர்க்கவில்லை. மற்றவர்கள் எடுத்துவிட்டதை இவர்கள் எடுக்காமல் விட்டார்கள், அவ்வளவே. இதைத் தெரிந்துகொண்டு குடித்தால் நாக்கு வேறுவிதமாக வேலை செய்கிறது.

இங்கே எல்லாரும் சொல்லும் பேச்சு ஒன்று: மூன்றாவது கிளாஸ் வரை தீர்ப்புச் சொல்லாதே. அதில் விஷயம் இருக்கிறது. புகையின் மணத்துக்குக் காரணமான குவாயகால் முதலிய பொருள்கள் மூக்கை மிக வேகமாகப் பழக்கிவிடும். முதல் கிளாஸில் புகை தவிர வேறொன்றும் தெரியாது. மூக்கு பழகியதும் புகை பின்னால் நகர்ந்து, அதுவரை மறைந்திருந்த பீர் முன்னால் வருகிறது. எனக்கு இரண்டாவது கிளாஸின் பாதியிலேயே அது நடந்தது. வறுத்த தானியம், உலர்ந்த பழத்தின் மெல்லிய இனிப்பு, கடைசியில் சுத்தமாக வறண்டு முடிகிற கசப்பு. 5.1 சதவீதம்தான், கனமில்லை, வாயில் பிசுபிசுப்பும் இல்லை. நண்பனும் மறுபடி கிளாஸைக் கையில் எடுத்தான். மேசையில் எங்களோடு உட்கார்ந்திருந்த உள்ளூர்ப் பெரியவர் அதைப் பார்த்துத் தலையசைத்தார், வேறொன்றும் சொல்லவில்லை.

அடுத்து அவர்களுடைய வெளிர் லாகர். இதில் புகைபோட்ட மால்ட்டே கிடையாது. ஆனால் அதே அண்டா, அதே ஈஸ்ட். குடித்தால் புகை இருக்கிறது! பக்கத்து அறையில் எரிந்த அடுப்பு துணியில் ஏறியிருப்பதுபோல் மெலிதாக. ஓர் ஆலையின் பாத்திரமும் ஈஸ்ட்டும் பழசை எவ்வளவு தூரம் சுமந்து வருகின்றன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. புகைச்சுவையை முதன்முதலாக அறிய வருகிறவர்கள் இதில் தொடங்கி மேர்ட்சனுக்கு, அதாவது நாங்கள் முதலில் குடித்த கருஞ்சிவப்பு பீருக்கு, போவது நல்லது.

குளிர்காலத்துக்கென வரும் ஊர்போக் இப்போது குழாயில் இருக்கிறது. 6.5 சதவீதம். புகையும் இனிப்பும் இரண்டுமே ஒரு படி மேலே. பாதி கிளாஸ் எனக்குப் போதும்.

இரவில் ஆற்றைத் தாண்டி ஸ்பெட்ஸியாலுக்குப் போனோம். 1536-இலிருந்து இருக்கிற ஆலை. இவர்களுடைய புகை தணிவானது, மால்ட்டின் பின்னாலேயே நடந்துவருகிறது. விருந்தாளியாக வந்தவன் ஷ்லென்கெர்லாவைத்தான் தேடுவான். ஆனால் இந்த ஊரிலேயே குடியிருந்தால் என் மாலைகள் ஸ்பெட்ஸியாலில்தான் கழியும்.

மேர்ட்சன் 4.5, வெளிர் லாகர் 4, ஊர்போக் 4, ஸ்பெட்ஸியால் லாகர் 4.5.

புதன், கொலோன்

200 மில்லிலிட்டர் பிடிக்கிற ஒல்லியான நேர்க்குழல் கிளாஸ். பரிமாறுபவர் வட்டத் தட்டில் பத்துப் பன்னிரண்டு கிளாஸோடு கூடத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கிறார். உங்கள் கிளாஸ் காலியானால் கேட்காமலே அடுத்தது வந்து நிற்கும். பீர் அட்டையில் ஒரு கோடு விழும். போதும் என்றால் அட்டையை எடுத்துக் கிளாஸின் மேல் மூடிவிட வேண்டும். சின்னக் கிளாஸ் எதற்கு என்றால், இந்த ஊர் பீரான கோல்ஷின் நுரை சீக்கிரம் அடங்கிவிடும். பெரிய கிளாஸில் கடைசிப் பாதி செத்துப்போகும்.

கதீட்ரலுக்கு அருகே ஃப்ரூ என்ற மதுக்கூடத்தில் தொடங்கி, பிறகு ஃப்ரீசன் தெருவில் உள்ள பெஃப்கனுக்குப் போனோம். பெஃப்கன் தன் கோல்ஷை பாட்டிலில் அடைப்பதில்லை, பீப்பாயில் மட்டும்தான்.

கோல்ஷை மதிப்பிடுவது கடினம். இதில் எடுத்துப் பேச எதுவுமே இல்லை என்று பலர் நாலு வரியில் முடித்துவிடுகிறார்கள். வெப்பத்தில் வேலை செய்யும் ஏல் ஈஸ்ட்டால் நொதிக்கவைத்து, பிறகு லாகரைப்போல் குளிரில் வாரக்கணக்கில் வைக்கிறார்கள். ஏலின் பழமணத்தில் ஒரு கீற்று மட்டும் மிஞ்சுகிறது. பெஃப்கனில் அது பச்சை ஆப்பிள் தோலின் அளவுக்கு இருந்தது, ஃப்ரூவில் அதைவிடக் குறைவு. பின்னாலேயே மென்மையான தானியம், சின்னக் கசப்பு, உடனே வறட்சி. ஒளிந்துகொள்ள இடமில்லாத பீர் இது. மால்ட் சற்றுப் பழசானாலும், ஈஸ்ட் சற்றுத் தவறினாலும், குழாய் ஒருநாள் கழுவாமல் விட்டாலும் அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் கட்டுப்பாட்டுக்கு மதிப்பெண் தராமல் சத்தமாகப் பேசும் பீருக்கு மட்டும் தருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதைக் காப்பதற்கு ஒப்பந்தமே போட்டிருக்கிறார்கள். 1986-இல் 24 ஆலைகள் கையெழுத்திட்டன. வெளிர் நிறம், தெளிவு, ஏல் ஈஸ்ட், கொலோன் வட்டாரத்தில் காய்ச்சுவது, எல்லாம் அதில் உண்டு. 1997 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவியியல் பாதுகாப்பும் இருக்கிறது.

பெஃப்கனுக்கு 4.5. ஃப்ரூவுக்கு 4.

வியாழன், டுசல்டார்ஃப்

கொலோனிலிருந்து அரை மணி நேர ரயில். அதே ரைன் நதிக்கரை, அதே ஏல் ஈஸ்ட்டும் குளிரில் வைக்கும் முறையும். பீர் மட்டும் முற்றிலும் வேறு. ஆல்ட் பீர் செம்பு நிறம், மால்ட்டில் வறுபட்ட கொட்டையின் ருசி, கசப்பில் எந்தச் சமரசமும் கிடையாது.

பழைய நகரத்தில் 1862-இலிருந்து இருக்கும் யூரிகே ஆலையில் குடித்தது இந்தப் பயணத்தில் இதுவரை மிகக் கசப்பானது. ஹாப்ஸின் கசப்பு நாவின் பின்பக்கத்தில் உட்கார்ந்து எழுந்திருக்க மறுக்கிறது. சமநிலை இல்லை என்று யாரும் சொல்லலாம். ஆனால் மால்ட் அடியில் இருந்து தாங்குவதால் அடுத்த மிடறுக்கு வாய் தானாகத் தயாராகிவிடுகிறது. கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஷூமாகரின் ஆல்ட் அதைவிட உருண்டையானது, மால்ட் இனிப்பு கூடுதல். நண்பனுக்கு அது. எனக்கு யூரிகே, 5-க்கு 5, யோசிக்காமல்.

மாலை பிரசல்ஸ் ரயில். இந்தக் குறிப்பை ரயிலிலேயே எழுதிப் பதிவிடுகிறேன்.

வெள்ளி, பிரசல்ஸ்

இங்கே வருவதற்காகத்தான் மற்ற ஊர்களை வழியில் வைத்தேன் என்று சொன்னால் தப்பில்லை.

தெற்கு ரயில் நிலையத்தில் இருந்து நடக்கும் தூரத்தில், ஆண்டர்லெக்ட் பகுதியின் சாதாரணத் தெரு ஒன்றில் கான்டியோன். 1900-இல் தொடங்கிய குடும்ப ஆலை, 1978 முதல் அருங்காட்சியகமாகவும் இயங்குகிறது. உள்ளே போனதும் ஈர மரம், பழைய காகிதம், புளித்த ஆப்பிள் எல்லாம் கலந்த ஒரு குளுமை. நீங்களே சுற்றிப் பார்க்கலாம், தடுக்க ஆளில்லை.

காய்ச்சும் தானியத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், 35 சதவீதம், முளைகட்டாத கோதுமை. மிச்சம் பார்லி மால்ட். ஹாப்ஸை ஆண்டுக்கணக்கில் வைத்துப் பழசாக்கித்தான் போடுகிறார்கள். கசப்பும் மணமும் போய்விடும், ஆனால் வேண்டாத பாக்டீரியாவைத் தடுக்கும் சக்தி மிஞ்சும். மணிக்கணக்கில் கொதிக்கவைத்த சாற்றை மாடிக்கு ஏற்றி, கூரைக்கு நேர்கீழே இருக்கும் கூல்ஷிப்பில் விடுகிறார்கள். கூல்ஷிப் என்பது ஓர் அறை அளவுக்கு அகன்ற, ஆழமில்லாத செம்புத் தொட்டி. கூரை இடுக்குகள் வழியாக இரவுக் காற்று வரும், சாறு குளிரும், காற்றில் இருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அதில் இறங்கும். யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. காலையில் அது மரப்பீப்பாய்க்குப் போகிறது. இரவுகள் குளிராக இருந்தால்தான் இது நடக்கும் என்பதால் அக்டோபர் கடைசியில் தொடங்கி ஏப்ரல் வாக்கில் காய்ச்சலை நிறுத்திவிடுகிறார்கள்.

பீப்பாய் அறையில் நின்று நான் நினைத்துக்கொண்டிருந்தது பில்சென்னை. அங்கே ஒரே ஈஸ்ட்டைக் கட்டிக்காக்க எவ்வளவு பாடு! இங்கே கதவைத் திறந்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். முதல் சில வாரம் குடலில் வாழ்கிற வகைப் பாக்டீரியாக்கள் கும்மாளமிடும். பிறகு சாதாரண ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்கும். அப்புறம் லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் புளிப்பைக் கொண்டுவரும். அந்தக் கட்டத்தில் பீர் எண்ணெய்போல் குழகுழத்து, நூலாக இழுபடக்கூட நேரும். பார்ப்பவர் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடுவார். கொட்டாமல் விட்டால் பிரெட்டனோமைசஸ் என்ற ஈஸ்ட் மெதுவாக வந்து அந்தக் குழகுழப்பையும், பில்சென்னில் பார்த்தோமே அந்த வெண்ணெய்ப் பொருளையும் தின்று தீர்த்து, பீரை மறுபடி தெளிவாக்கும். இந்த பிரெட்டனோமைசஸை 1904-இல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் க்ளாசன் என்பவர் இங்கிலாந்து பீரில் இருந்து கண்டறிந்து சொன்னார். இன்றும் பல ஆலைகளுக்கு இந்தப் பெயரே கிலி. குழாயிலோ பீப்பாயிலோ ஒருமுறை புகுந்தால் விரட்டுவது பெரும்பாடு.

இங்கே சிலந்திகளைக் கொல்வதில்லை. பழம் சேர்க்கும் கோடைகாலத்தில் பூச்சிகள் மொய்க்கும், சிலந்திகள் அவற்றைப் பார்த்துக்கொள்ளும். வலைகள் உத்தரங்களில் அப்படியே தொங்குகின்றன.

முதலில் கலக்காத லாம்பிக் தந்தார்கள். இப்படிக் காற்றிலிருந்து வரும் ஈஸ்ட்டால் நொதித்த பீருக்கு அதுதான் பெயர். வாயுவே இல்லை, நுரையும் இல்லை. மங்கிய பொன்னிறம். எலுமிச்சைத் தோல், காய்ந்த வைக்கோல், பின்னால் ஈரக் கற்சுவரின் மணம். புளிப்பு நேராக வருகிறது, ஆனால் எரிக்கவில்லை.

அடுத்து கூஸ். ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் அடைக்கிறார்கள். இளசில் மிச்சமிருக்கும் சர்க்கரை பாட்டிலுக்குள் நொதித்து வாயு தருகிறது, முதிர்ந்தது ஆழம் தருகிறது. எந்தப் பீப்பாயில் எது எவ்வளவு என்பதை நாக்கால் மட்டுமே முடிவு செய்ய முடியும், ஏனென்றால் ஒரே நாள் காய்ச்சியதுகூடப் பீப்பாய்க்குப் பீப்பாய் வேறாகிவிடும். கிளாஸில் ஊற்றியதும் நுண்ணிய குமிழிகள். நாரத்தைத் தோலின் கசப்பு, பச்சை ஆப்பிள், தோல் சேணம், தொழுவம். தொழுவம் என்று நான் எழுதுவது புகழ்ச்சியாகவே. வேறொரு பீரில் அந்த வாசனை இருந்தால் கீழே ஊற்றியிருப்பேன். இதில் அது புளிப்புக்கு ஒரு தரையைக் கொடுக்கிறது, அது இல்லாவிட்டால் வெறும் எலுமிச்சை நீர்தான். 5 சதவீத பீர் ஒன்று நல்ல வெள்ளை ஒயினோடு தோள்சேர்ந்து நிற்கிறது. ஒரு கிளாஸை முக்கால் மணி நேரம் வைத்துக் குடித்தேன். சூடேறச் சூடேற வைக்கோல் மணம் கூடிக்கொண்டே போனது.

க்ரீக்கில் லிட்டருக்கு 200 கிராம் அளவில் முழுச் செர்ரிப் பழம் ஊறுகிறது. சர்க்கரை சேர்ப்பதில்லை. பழத்தின் இனிப்பு முழுக்க நொதித்துப் போய், நிறமும் மணமும் கொட்டையின் பாதாம் சாயலும் மட்டும் நிற்கின்றன. இனிப்பூட்டிய செர்ரி பீர்களைக் குடித்துப் பழகியவர்களுக்கு முதல் மிடறு தூக்கிவாரிப் போடும். நண்பன் இன்றைக்கு எதையும் தள்ளி வைக்கவில்லை. க்ரீக்கை முடித்துவிட்டு, "இன்னும் ஒன்னு வாங்கலாமாடா?" என்றான்.

லாம்பிக் 4.5, கூஸ் 5, க்ரீக் 4.5.

சனி, ரூசலாரே

ரோடன்பாக் ஆலையில் 294 பிரம்மாண்டமான ஓக் தொட்டிகள் நிற்கின்றன. ஃபூடர் என்கிறார்கள். சிலவற்றுக்கு 150 வயதுக்கும் மேல். வரிசை வரிசையாக அவற்றின் நடுவே நடந்தால் கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

பீரில் வினிகர் வாசனை என்றால் அத்தோடு முடிந்தது, கழுவித் துடைத்துவிட வேண்டியதுதான். பொதுவிதி அது. இங்கே மரத்தின் நுண்துளைகள் வழியாக உள்ளே கசிகிற கொஞ்சம் காற்றில் ஈராண்டு கிடக்கிற பீர் அசிட்டிக் அமிலத்தை வேண்டுமென்றே சேர்த்துக்கொள்கிறது. ஃபூடரில் இருந்து நேரே எடுத்துத் தந்த மாதிரியைக் குடித்தால் கண் சுருங்குகிறது. தனியாகக் குடிக்க முடியாது. கலப்பில்தான் வித்தை. சாதாரண ரோடன்பாக்கில் நாலில் ஒரு பங்கு முதிர்ந்தது, மிச்சம் இளசு. 5.2 சதவீதம். கிராண்ட் க்ரூவில் மூன்றில் இரண்டு பங்கு முதிர்ந்தது. 6 சதவீதம். சிவந்த பழுப்பு நிறம், புளிச்செர்ரி, கருஞ்சிவப்புத் திராட்சை, மரத்தின் துவர்ப்பு. வினிகரின் முனை கடைசியில் எட்டிப் பார்த்துவிட்டு மால்ட்டின் இனிப்புக்குள் போய்விடுகிறது. நேற்றைய புளிப்பு நேர்க்கோடு என்றால் இது வளைந்து வருகிறது. கிராண்ட் க்ரூ 4.5. சாதாரணம் 4, ஆனால் தாகத்துக்கு அதுவே மேல்.

இரவு பிரசல்ஸில் புதுக்கால பீர்களுக்கு ஒதுக்கினோம். நெல்லிக்காய் அளவு ஹாப்ஸ் கூம்பு இந்தக் காலத்து பீரை எவ்வளவு மாற்றிவிட்டது! 1972-இல் அமெரிக்காவில் வெளிவந்த கேஸ்கேட் என்ற ஹாப்ஸ் ரகத்தைத் தாராளமாகப் போட்டு 1980-இல் சியெரா நெவாடா ஆலை தன் பேல் ஏலைக் காய்ச்சியது. சாத்துக்குடித் தோலும் பைன் மரமும் பீருக்குள் வந்தன. பிறகு 2000-களில் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் தி ஆல்கெமிஸ்ட் ஆலை போன்றவர்கள் ஹாப்ஸ் தூக்கலான ஐபிஏ வகை ஏலை வடிகட்டாமல், கலங்கலாகவே கொடுத்தார்கள். அதுவரை கலங்கல் என்றால் ஆலைக்குச் சோம்பல் என்று பொருள். இப்போது கலங்கலைத் தேடி வாங்குகிறார்கள்.

நாங்கள் குடித்த கலங்கல் ஐபிஏ ஒன்று எனக்குப் பிடிக்கவில்லை, ஆலையின் பெயர் வேண்டாம். மாம்பழமும் பீச் பழமும் மணக்க வேண்டிய இடத்தில் ஈர அட்டை மணந்தது, நிறம் சாம்பல் பூத்திருந்தது. ஆக்சிஜன் பட்டுவிட்டது. குறையெல்லாம் குணம் என்று நான் சொல்ல வரவில்லை. இது எந்த ஊரிலும் யாரும் வேண்டிக் காய்ச்சாத சுவை, குறைதான். 2. இதற்கு மாற்றாகக் குடித்த பிரசரி டி லா சென் ஆலையின் 4.5 சதவீதப் பொன்னிற பீர் உலர்ந்த கசப்பும் புதிய ஹாப்ஸின் மலர்மணமுமாக அன்றைய நாளைத் தூக்கி நிறுத்தியது. 4.5.

ஒரு சிறு குறிப்பு, ஒரே நாளில் இத்தனையை எப்படிச் சுவைக்கிறீர்கள் என்று பலரும் கேட்டதால்: ஒவ்வொரு பீருக்கும் நடுவே தண்ணீர், உப்பில்லாத வெறும் ரொட்டி. மெலிந்ததில் தொடங்கிக் கனத்ததில் முடிக்க வேண்டும், புளிப்புக்கு முன்னால் கசப்பு வேண்டாம். அளவு சின்னதாக. போக்குவரத்து முழுக்க ரயில், பேருந்து, நடை.

ஞாயிறு, ஓர்வால்

ஃப்ளோரன்வில் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து வண்டி பிடித்துக் காட்டுவழியே போனால் கிறிஸ்தவத் துறவிகளின் மடம். பிரெஞ்சுப் புரட்சிப் படை 1793-இல் எரித்த பழைய மடத்தின் இடிபாடுகள் ஒரு பக்கம், 1926-இலிருந்து எழுப்பிய புது மடம் மறுபக்கம். அந்தக் கட்டுமானச் செலவுக்கு வழிதேடி 1931-இல் ஆலையைத் தொடங்கினார்கள். வெளியில் விற்பது ஒரே ஒரு பீர், 6.2 சதவீதம், பௌலிங் கட்டைபோல் இடுப்பு அகன்ற பாட்டில்.

ஒரே பீர், ஆனால் குடிக்கும் நாளைப் பொறுத்து வேறு வேறு பீர். முதன்மை நொதித்தலுக்குப் பிறகு மறுபடி ஹாப்ஸ் ஊறவைக்கிறார்கள். பாட்டிலில் அடைக்கும்போது பிரெட்டனோமைசஸ் கலந்த ஈஸ்ட்டைச் சேர்க்கிறார்கள். ஆம், பிரசல்ஸில் பார்த்த அதே வகை ஈஸ்ட்தான். மற்றவர்கள் கதவை மூடி வெளியே நிறுத்துவதை இவர்கள் கையால் எடுத்து உள்ளே விடுகிறார்கள். ஒவ்வொரு பாட்டிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது ஆலைகளின் முதல் சட்டம். ஓர்வாலில் அந்தச் சட்டத்துக்கு இடமில்லை, பாட்டில் அடைத்த நாளிலிருந்து அது மாறிக்கொண்டே போகும்.

மடத்துக்கு அருகிலுள்ள விடுதியில் அண்மையில் அடைத்ததையும் ஓராண்டு கடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டு வாங்கினோம். கிண்ணம்போல் அகன்ற கிளாஸ். இளசு ஆரஞ்சு நிறம், தாராளமான நுரை, ஆரஞ்சுத் தோல், மூலிகை, அழுத்தமான கசப்பு. மால்ட்டின் இனிப்பு இன்னும் ஓரத்தில் இருக்கிறது. முதிர்ந்ததில் ஹாப்ஸ் அடங்கிவிட்டது. இனிப்பு மிச்சமே இல்லை, பிரெட்டனோமைசஸ் அதை முழுக்கத் தின்றுவிட்டது. வாயு கூடியிருக்கிறது, உடல் மெலிந்திருக்கிறது, தோலும் வைக்கோலும் உலர்ந்த மண்ணும் மணக்கின்றன. கான்டியோனின் புளிப்பு இங்கே கிடையாது. அதே மணத்தைப் புளிப்பில்லாமல் தனியே கேட்கிற வாய்ப்பு இது.

நண்பனுக்கு இளசு, எனக்கு முதிர்ந்தது. ஒரு மணி நேரம் விவாதித்தோம், இருவரும் மாறவில்லை. அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது: "ஹாப்ஸ் போனப்புறம் பாதி பீர் போயிடுச்சுடா." என் கணக்கில் ஹாப்ஸ் போன இடத்துக்கு வேறொன்று வந்து உட்கார்ந்திருக்கிறது, அதுவும் இந்த மடத்தார் கணக்குப்போட்டு வைத்தது.

இளசு 4.5, முதிர்ந்தது 5. வாங்குவதானால் பாட்டிலில் அச்சிட்டிருக்கும் அடைத்த தேதியை முதலில் பாருங்கள். முடிந்தால் இரண்டு வாங்கி, ஒன்றை உடனே குடித்துக் குறிப்பெழுதிவிட்டு, மற்றதை வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் நிற்கவைத்து ஓராண்டு கழித்துத் திறங்கள். படுக்கவைக்க வேண்டாம், அடியில் ஈஸ்ட் படிந்திருக்கும்.